தாறுமாறாய் நின்ற சுவிட்சுகள்

என் தங்கைக்கு வாய் முந்தும், கண் பிந்தும். விமானம் ஓட்டப் படித்தவளுக்கு இருக்கவே கூடாத குணம். கிளம்புமுன் ஒருவர் சுவிட்சின் பெயரைப் படிக்க, மற்றவர் அது எப்படி இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல வேண்டும். இவள் பார்க்காமலே சொல்வாள். வேலைக்கான தேர்வில், சோதிக்க வந்தவர் வேண்டுமென்றே ஒரு சுவிட்சைத் தட்டி வைத்திருந்தார். இவள் "ஆஃப்" என்றாள். அது ஆனில் இருந்தது. இன்னொரு வாய்ப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாய்ப்புதான் கடைசி.

எங்கிருந்து இந்தப் பழக்கம் வந்ததென்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஜெபமாலை, முடிவில் மாதா பிரார்த்தனை. அம்மா மாதாவின் பட்டங்களை வரிசையாகச் சொல்ல, நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று இழுப்போம். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சொல்லலாம், பாதித் தூக்கத்திலும் சொல்லலாம். அந்த வாய் விமானத்தில் மட்டும் திருந்துமா?

நான் கம்பம் ஊரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். விமானம் ஓட்டிப் பழக அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் சிமுலேட்டரில் எப்போது திறந்தாலும் சுவிட்சுகள் அதே இடத்தில் சமர்த்தாக நிற்கும். அதுதான் அவளைக் கெடுத்தது. எரிச்சலில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒரு பட்டனை அமுக்கினால் சுவிட்சுகள் தாறுமாறாக மாறிவிடும். எவையெவை மாறின என்பதை அவள் முடித்த பிறகுதான் எனக்கும் காட்டும்.

மறுதேர்வுக்கு அவள் கிளம்ப வேண்டிய நாள் மத்தியானம். நான் படித்தேன்.

"ஃபியூயல் பம்ப்?"

"ஆஃப்."

முடித்துப் பார்த்தால் ஆன். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"கண்ண எங்கன வச்சிருக்க? அங்கனயும் இப்படித்தான் சொல்லுவியா?"

அவள் அழவில்லை. மவுஸைக் கட்டிலில் வீசிவிட்டு எழுந்து போனாள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. காலையிலிருந்தே அம்மாவின் முகம் சரியில்லை. ஊருக்குப் போகிறவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"ஏலே, இவள நம்பித்தான அத்தன பேரும் ஏறுவாக?"

"ஆமா."

"நீ மாத்தி வச்சா மட்டும் பாத்துருவாளா?"

"வேற வழியில்லம்மா. பாத்துத்தான் ஆகணும்."

தங்கை திரும்பி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை ஒவ்வொரு சுவிட்சிலும் விரலை வைத்துப் பார்த்துச் சொன்னாள். தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை. ஒரு தடவை குருட்டாம்போக்கில்கூட அமையும்.

சாயங்காலம் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு முழங்காலில் இருந்தேன். பிரார்த்தனை வேகம் பிடித்தது. மாதாவின் பட்டங்களுக்கு நடுவில், வழக்கமாக இல்லாத இடத்தில், அம்மா "இயேசுவே" என்று கூப்பிட்டாள். இயேசுவைக் கூப்பிட்டால் நாங்கள் சொல்ல வேண்டியது "எங்கள் மேல் இரக்கமாயிரும்". அப்பாவும் நானும் ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றோம்.

தங்கை மட்டும், "எங்கள் மேல் இரக்கமாயிரும்" என்றாள்.

அம்மா அப்பாவையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதையே செருகினாள். உஷாராகத்தான் இருந்தேன், அப்படியும் என் நாக்கு பழைய வழியிலேயே போனது. தங்கை இந்த முறையும் சரியாகச் சொன்னாள்.

முடித்ததும் அம்மா எழுந்து அவள் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"போயிட்டு வா," என்றாள்.