பாதர் தூங்கிய ஞாயிறு

கூடலூர் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் நனைந்த ரப்பர் கோட்டு வாசனை, இலங்கையில் பலாபத்வலைக்கு மேலே, இப்போது சுவர்கூட மிஞ்சாத எங்கள் தோட்டத்துத் தேவாலயத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கிலிக்கன் பாதர் ஞாயிறுதோறும் மழையில் ரப்பர் கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வருவார். இளைஞராக வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பாதிப் பேருக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் செய்துவைத்தவர். எழுபதுகளில் அவர்களையே அரசாங்கம் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்கு அனுப்பியபோது, ஒவ்வொரு லொறியடியிலும் நின்று ஜெபம் சொல்லிச் சொல்லி அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

சபையில் மூன்று குடும்பங்களே மிஞ்சிய ஒரு ஞாயிறு, பாதர் பிரசங்க மேடையில் ஏறாமல் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நீங்க பாடுங்கம்மா, நான் கேக்குறேன்" என்றார் அம்மாவிடம்.

இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிட்டார். எழுப்பப்போன அப்பாவை அம்மா தடுத்தாள். "விடுங்க, தூங்கட்டும்." எல்லாரும் குரலைத் தாழ்த்தி, தகரக் கூரையில் மழை ஓயும்வரை பாடிக்கொண்டேயிருந்தோம்.

அடுத்த மாதம் எங்கள் முறை வந்தது. லொறியடியில் ஜெபத்துக்காகத் தலைகுனிந்து நின்றோம். பாதர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. பிறகு குனிந்து, எங்கள் பெட்டியைத் தூக்கி லொறியில் வைத்தார்.