எருமைத்தோலாரின் வலது கன்னம்

யாரையாவது எருமைத் தோல் என்று சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள். நம் ஓட்டுநர் மட்டும் மீசையை நீவிக்கொண்டு சிரிப்பார். அந்தப் பட்டத்தை அவருக்கு வேறு யாரும் சூட்டவில்லை. உச்சி வெயிலில் மற்ற ஓட்டுநர்கள் பணிமனையின் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி நிற்க, இவர் மட்டும் வெட்டவெளியில் பேருந்தின் மூக்கில் சாய்ந்து டீ குடிப்பார். "வெயிலுக்கு ஒதுங்குறவன் எல்லாம் வெண்ணெய். நமக்கு எருமைத் தோலுப்பா!" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தார். மறுநாளே அது பெயராகிவிட்டது. வயசுக்கு மரியாதை கொடுத்து 'ஆர்' சேர்த்தவர் அவருடைய கண்டக்டர்.

எருமைத்தோலாருக்கு ஐம்பதை ஒட்டிய வயசு. ஆனால் அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். இத்தனை வருஷமும் ஒரே இருக்கை, வலது தோளை ஒட்டி ஒரே ஜன்னல். இடது கன்னம் மழமழவென்று இருந்தது. வலது கன்னமோ கசக்கிப் பிரித்த காகிதம் மாதிரி. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது, கழுத்தோரம் தோல் தடித்துக் கருத்திருந்தது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே, சூரியன் அவர் விஷயத்தில் அப்படித்தான் நடந்துகொண்டது. இடப்பக்க வாசலில் ஏறுகிறவர்கள் "அண்ணே, சந்தைக்குப் போகுமா?" என்று கேட்பார்கள். வலப்பக்க ஜன்னலைத் தட்டுகிறவர்கள் "பெரியவரே, சந்தைக்குப் போகுமா?" என்பார்கள். இருவருக்கும் அவர் போகும் என்றே சொல்வார்.

"ஜன்னல் பக்கம் மட்டும் இப்படிச் சுருங்குதே, என்னன்னு பாருங்களேன்," என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அவள் சீருடை தைக்கும் கடையில் தையல்காரி. துணியில் ஒரு நூல் இழுத்துக்கொண்டு நின்றாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"வலது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கிறேன்ல, அதான்."

"வெயிலா இருக்கப் போவுது."

"கண்ணாடியை மூடிட்டுத்தான ஓட்டுறேன்? கண்ணாடியைத் தாண்டி வெயில் எப்படிடி வரும்? சூடே உறைக்கல."

இதற்கிடையில் வலது கன்ன எலும்புக்குக் கீழே சின்னதாக ஒரு பரு கிளம்பியது. முத்து மாதிரி பளபளவென்று ஓரம், நடுவில் பள்ளம். சவரம் செய்தால் ரத்தம் வரும். பொருக்குத் தட்டும், விழும், ஆறின மாதிரி இருக்கும், மறுபடி கசியும். மனைவி டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். அவர் காதில் என்ன விழுந்ததோ, பிளேடை மாற்றினார்.

அப்போதுதான் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். முகத்துக்குப் பூசும் க்ரீம் விற்கிற கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. தோலிருக்கச் சுளை விழுங்குகிற ஆள் என்று அக்காவே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். வாசலில் நுழைந்தவன், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவை நேருக்கு நேர் பார்த்தான். அப்படியே நின்றான்.

"மாமா, அசையாதீங்க."

"என்னடா, பூரானா?"

"இல்ல மாமா. லட்சுமி."

திட்டம் எளிது. பேருந்துகளின் முதுகில் ஒட்ட ஒரு விளம்பரப் படம். நெற்றியிலிருந்து முகவாய் வரை முகத்தின் நடுவே ஒரு கோடு. வலது பாதிக்கு மேலே 'முன்பு' என்று எழுத்து, இடது பாதிக்கு மேலே 'பின்பு'. நடுவில் க்ரீம் டியூப்.

"நான் உங்க க்ரீமைத் தொட்டதே இல்லையே மாப்ளே."

"தொடாத பக்கத்தைத்தான மாமா 'முன்பு'ன்னு போடுறோம்? இதுல பொய் எங்க இருக்கு?"

"அந்தப் பக்கமும் தொடலையே."

"அதைப் பின்னால பாத்துக்கலாம்."

எருமைத்தோலார் யோசித்தார். பேருந்து முதுகில் முகம் பதிப்பதென்றால் அது பெரிய மனிதர்களுக்கு மட்டுமே வாய்க்கிற பாக்கியம். இத்தனை வருஷம் பேருந்தின் முன்பக்கம் உட்கார்ந்தவர், ஒரு தடவை பின்பக்கமும் இருந்தால் என்ன? ஒரு பெட்டி நிறைய க்ரீமைச் சன்மானமாகக் கொடுத்தார்கள். மனைவி அதில் ஒரு டியூபைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, கிறீச்சிட்ட கதவுக் கீலுக்குத் தடவினாள். கீல் அமைதியானது. அந்தக் க்ரீமால் நிரூபிக்கப்பட்ட ஒரே பலன் அதுதான்.

விளம்பரம் வந்தது. அவர் பேருந்தின் பின்கண்ணாடி முழுக்க அடைத்து ஒட்டினார்கள். 'முன்பு' பாதியின் சுருக்கங்களைக் கம்பெனி ஓவியர் இன்னும் கொஞ்சம் ஆழமாக்கியிருந்தார். பருவை மட்டும் தொடவில்லை. அதற்கு மேல் அசிங்கமாக்க வராது என்று விட்டுவிட்டாராம். பணிமனையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். பயணிகள் இறங்கும்போது எட்டிப் பார்த்து, "நிஜமாவே அந்தக் க்ரீம்தானா?" என்று கேட்டார்கள். முதல் நாள் எருமைத்தோலார் மழுப்பினார். அடுத்த நாள் தலையாட்டினார். அந்த வாரக் கடைசியில் வாயே திறந்துவிட்டது. "இடது பக்கம் மட்டும் ரகசியமா பூசிப் பாத்தேங்க. ஒரு சோதனைக்கு," என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜனம் அதையும் நம்பியது.

நம்பாதவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் முற்பகல், கடைசி நிறுத்தத்தில் பேருந்து நின்றதும், பின்னால் வந்த காரை அப்படியே ஓரங்கட்டிவிட்டு ஒரு பெண்மணி ஓடிவந்தார். அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை. நேராக வலப்பக்க ஜன்னலைத் தட்டினார்.

"பின்னாடி படத்துல இருக்கிறது நீங்கதானா?"

"ஆமாம்மா. க்ரீம் வேணும்னா என் மச்சினன் நம்பர் தரேன்."

"க்ரீம் வேண்டாம். கன்னத்தைக் காட்டுங்க."

எருமைத்தோலார் வழக்கப்படி இடது கன்னத்தைத் திருப்பினார்.

"அது இல்ல. இன்னொண்ணு."

கண்டக்டர் டிக்கெட் பையோடு முன்னால் வந்தார். "யாரும்மா நீங்க? வண்டி எடுக்கணும்."

"நான் தோல் டாக்டர். தினம் காலையில இந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலதான் மாட்டிக்கிறேன். அந்தப் புண்ணைத் தட்டு அளவுக்குப் பெருசாக்கி என் கண்ணு முன்னாடி ஒட்டியிருக்காங்க. முதல்ல அச்சுப் பிழைன்னு நினைச்சேன். நேத்து வேற ஒரு பஸ்ஸுலயும் அதே இடத்துல இருந்துச்சு. தூக்கம் வரல." ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இது எத்தனை நாளா ஆறாம இருக்கு?"

"பிளேடு சரியில்லம்மா."

"பிளேடு மேல பழி போடாதீங்க. நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க."

பேருந்துக்குள் குசுகுசுப்பு கிளம்பியது. "க்ரீம் பூசித்தான் புண்ணு வந்துச்சாம்," என்று ஒரு குரல். "பூசாத பக்கம்தாண்டி அது," என்று இன்னொன்று. வண்டி கிளம்பும்போது எருமைத்தோலாரின் வலது கை தானாகப் போய்க் கன்னத்தை மூடிக்கொண்டது.

கிளினிக்குக்கு மனைவிதான் இழுத்துப் போனாள். ஒரு துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அவர் பணிமனையில் டீயைக் கொட்டகைக்குள் நின்று குடித்தார். அதை யாரும் கேலி செய்யாததுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"புற்றுநோய்தான்," என்றார் டாக்டர். மனைவியின் கை அவர் தோளைப் பிடித்தது. "ஆனா பயப்பட வேண்டாம். இந்த ரகம் மெதுவா வளரும், உடம்புக்குள்ள பரவுறது ரொம்ப அபூர்வம். அப்படியே விட்டா முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். இப்பவே வெட்டி எடுத்துட்டா முடிஞ்சது."

"எனக்காம்மா? எனக்கு எருமைத் தோலு. ஊருக்கே தெரியும்."

"எருமையே வெயில் ஏறினா சேத்துல போய்ப் படுத்துக்குது. அதுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு வேணாமா?"

இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டத்தை எருமையின் பக்கத்திலிருந்து யாரும் யோசித்ததில்லை. மனைவி சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு அழுதாள்.

"கண்ணாடி மூடித்தாங்க ஓட்டுறேன்," என்றார் அவர், இன்னமும் விடாமல்.

"வெயில்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கு. புற ஊதாக் கதிர்னு பேர். அதுல ரெண்டு வகை தோலை வந்து தொடுது. ஒண்ணு மேல்தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும். அதைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துடும். அதனாலதான் உங்களுக்கு எரியல. இன்னொண்ணு சத்தமில்லாம கண்ணாடியைத் தாண்டி வந்து தோலோட அடிவரைக்கும் போகும். தோலை விறைப்பாப் பிடிச்சு வெச்சிருக்கிற நார் இருக்குல்ல, அதை அறுத்துக்கிட்டே இருக்கும். அதான் அந்தப் பக்கம் தொங்குது. உயிரணுக்குள்ள இருக்கிற மரபுப் பொருளையும் கெடுக்கும். கெட்டது சேர்ந்துக்கிட்டே வந்தா ஒருநாள் இப்படி முளைக்கும்."

"சூடு தெரியலையே..."

"சூட்டை வெச்சுக் கணக்குப் போட முடியாது. மேகம் மூடியிருந்தாலும் அது வரும். கருப்புத் தோலுக்குக் கொஞ்சம் காப்பு உண்டு, முழுக் காப்பு கிடையாது."

மனைவி பையிலிருந்து அந்தக் க்ரீம் டியூபை எடுத்து நீட்டினாள். டாக்டர் பின்பக்கத்தைப் படித்தார். "இதுல வெயிலைத் தடுக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. வாசனை நல்லா இருக்கு."

"கீலுக்கும் நல்லா இருக்குங்க," என்றாள் மனைவி.

அறுவை சிறிதாகவே முடிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்தார்கள். வீட்டில் கட்டுப் பிரித்தபோது மனைவி விளக்குக்குக் கீழே அவர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தையல் நெருக்கமா, ஒரே சீரா விழுந்திருக்கு. நம்ம கடையில இப்படித் தைக்க ஆள் கிடையாது," என்றாள். அவள் வாயால் வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது.

மறுநாளே தம்பி வந்தான், கையில் பழப்பையோடு. நலம் விசாரித்து முடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. புற்றுநோய் எந்தப் பக்கம் வந்துச்சு?"

"வலது."

"க்ரீம் பூசாத பக்கம்! கம்பெனியில எல்லாரும் துள்ளிக் குதிக்கிறாங்க. தழும்போட ஒரே ஒரு போட்டோ..."

"டேய்," என்றாள் அக்கா.

எருமைத்தோலார் கை காட்டி அவளை அமர்த்தினார். "மாப்ளே, நான் வாயைத் திறந்து ஜனங்ககிட்டப் பொய் சொன்னேன். அதைக் கேட்டு எத்தனை பேரு அதைப் பூசிக்கிட்டு, இனி நமக்கு ஒண்ணும் ஆகாதுன்னு வெயில்ல நிக்கிறாங்களோ. பாதி மூஞ்சியை வித்தாச்சு. மிச்சத்தை நான் விக்கல. நீ பழத்தை வெச்சுட்டுக் கிளம்பு." அதற்கப்புறம் பேருந்தில் யார் கேட்டாலும், "அந்தக் க்ரீமை நான் தொட்டதே இல்லைங்க, விளம்பரம் பொய்," என்றே சொன்னார். கம்பெனி படத்தை அவசரமாகக் கிழித்தது.

டாக்டர் சொன்னது மூன்று விஷயம். ஜன்னலுக்குக் கதிரைத் தடுக்கும் தெளிவான படலம். முழுக்கை. வெயில் தடுக்கும் களிம்பை முகம், காது, கழுத்துக்குத் தாராளமாகப் பூசி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுவது. முதல் இரண்டுக்கும் பணிமனை மேலாளரின் அனுமதி வேண்டும். மேலாளரின் அறை ஜன்னலில் கருப்புக் கண்ணாடி, அதன் மேல் திரை, அதற்கும் மேல் வெளியே ஒரு தட்டி.

"வண்டிக் கண்ணாடியில எதையும் ஒட்டக் கூடாதுன்னு விதி," என்றார் மேலாளர்.

"பின்கண்ணாடி முழுக்க என் மூஞ்சியை ஒட்டினாங்களே சார்?"

"அது வருமானம். இது படலம்."

"முழுக்கைச் சட்டையாவது..."

"ஓட்டுநருக்கு அரைக்கைதான் சீருடை. பயணிகளுக்கு நீங்க ஓட்டுநர்னு தெரிய வேண்டாமா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது போதாது போலிருக்கிறது என்று எருமைத்தோலார் வீட்டில் வந்து புலம்பினார். மனைவி பதில் சொல்லாமல் இயந்திரத்தில் உட்கார்ந்தாள். அதே சீருடைத் துணியில், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை ஏறும் இரண்டு கைகளை, சட்டையோடு சேராமல் தனியாகத் தைத்தாள். மறுநாள் மேலாளர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது முழுக்கை இல்லையா?"

"சட்டை அரைக்கைதான் சார். இது தனி."

தனிக் கையைப் பற்றி விதியில் ஒரு வரிகூட இல்லை. மேலாளர் மூன்று நாள் தேடினார். அதற்குள் பாதி ஓட்டுநர்கள் தையல்கடைக்கு வந்து அளவு கொடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று, "எனக்கில்லம்மா, வீட்டுல தொல்லை தாங்கல," என்று ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். படலத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை. மேலிடத்தில் பரிசீலனையில் இருக்கிறதாம்.

போன மாதம் விடுமுறையில் கணவனும் மனைவியும் உறவினர் வீட்டுக்கு வெளியூர்ப் பேருந்து ஏறினார்கள். காலியாகக் கிடந்த வண்டியில் எருமைத்தோலார் உட்காராமல் நின்றார். சூரியனைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், கண்டக்டரிடம் போனார்.

"தம்பி, வண்டி ஆத்துப் பாலம் வழியாப் போகுமா, சுத்துச் சாலையிலயா?"

"எதுக்கு சார்?"

"எந்தப் பக்கம் வெயில் அடிக்கும்னு பாக்கத்தான்."

இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். பாலம் தாண்டியதும் வலப்பக்கம் மாறினார்கள். மலையடி வளைவில் அவர் மறுபடி எழுந்தபோது மனைவி வர மறுத்துவிட்டாள். "நீங்க போங்க. காதுக்குக் களிம்பு பூசினீங்களா முதல்ல?" என்று கேட்டாள். பூசவில்லை. காது எப்போதும் அவருக்கு மறந்துபோகும். அவள் பையைத் திறந்து டியூபை எடுத்து, ஊர் பார்க்க அவர் காதைப் பிடித்து இழுத்துத் தாராளமாகத் தடவிவிட்டாள்.