கையில் எடுத்த செருப்பு

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். மத்தூர் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

எங்கள் சேரி ஆட்கள் ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டுமென்றால், முனையில் இருக்கும் சுமைதாங்கிக் கல்லருகே வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுமுனை தாண்டித்தான் போட்டுக்கொள்ளலாம். யாரும் இதைச் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. நடக்கப் பழகும்போதே பழகிவிட்டோம்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெங்களூரில் கூலிவேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஒருநாள் செருப்போடு அந்தத் தெருவைக் கடந்துவிட்டார். கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். வலது முட்டி நொறுங்கிப்போனது. அதற்குமேல் எங்களுக்குப் பொறுக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து விவசாயக் கூலிகள் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து பேசினார்கள். எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டு அதே தெருவில் ஊர்வலம் போவதென்று முடிவானது. பாதிப் பேரிடம் செருப்பே கிடையாது. பழைய லாரி டயரை வெட்டி, வார் வைத்துத் தைத்துக்கொண்டோம்.

நான் முன்வரிசையில் நின்றேன். கோஷங்களை எழுதியவனும் நான்தான். பெரிய வீரன் என்று நினைப்பு.

சுமைதாங்கிக் கல் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் தடியோடு ஆட்கள் நின்றார்கள். நான் கோஷத்தை நிறுத்தவில்லை. ஆனால் கோஷம் போட்டபடியே குனிந்து, இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்திருக்கிறேன். சத்தியமாக எனக்கே தெரியாது. என்னைப் பார்த்துப் பின்னால் வந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கழற்றிவிட்டார்கள். தெருவே சிரித்தது. தடிக்கு வேலையில்லை, அவனவனுக்கே புத்தி இருக்கிறது என்று யாரோ சொன்னது காதில் விழுந்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசிப்போனது. திரும்பி ஓடிவிடத்தான் தோன்றியது.

அப்போது முட்டி நொறுங்கியவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கணவருடைய பெரிய செருப்பை மாட்டியிருந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, எனக்குந்தான் செருப்பக் கழட்டக் கை கீழ போச்சு. கையப் புடிச்சிகினு வந்தேன். நீ போட்டு மாட்டு, நான் நிக்கறேன்" என்றார் மெதுவாக.

கீழே போட்டு மாட்டினேன். வார் சரியாக ஏறவில்லை; இரண்டு மூன்று முறை இழுத்து மாட்டினேன். அதுவரை அந்த அக்கா நகரவே இல்லை. மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். நடக்க ஆரம்பித்ததும் கல் பறந்துவந்தது. ஒரு கல் அக்காவின் கண்ணோரம் பட்டு ரத்தம் கொட்டியது. முந்தானையை அழுத்திப் பிடித்தபடியே நடந்தார். இருநூறு அடி இருக்குமா அந்தத் தெரு? மறுமுனை சேர்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்.

ஜெயித்தோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம் கேழ்வரகு அறுப்புக்கு ஊர்த்தெருக்காரர்கள் எங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. வெளியூர் ஆட்களை வைத்து அறுத்தார்கள். பல நாள் அரை வயிறுதான். அக்காவின் கணவர் கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். அக்காவுக்கு அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது.

அறுப்பு முடிந்த சமயம், பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். தங்கள் ஊரிலும் செருப்போடு தெருவில் நடக்க வேண்டும், துணைக்கு வருவீர்களா என்று கேட்டார்கள். அக்கா எழுந்து உள்ளே போய்ச் செருப்பை எடுத்து வந்து வாசலில் போட்டார். மறுநாள் அவருக்குப் பின்னால் நானும் போனேன்.

இந்த வயதிலும் ஏதாவது தெருமுனை வந்தால் என் கை ஒரு நொடி கீழே போகப் பார்க்கிறது. அந்தப் பயம் என்னோடுதான் போகும்போல. ஆனால் பக்கத்தில் வருகிறவரும் தன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார் என்று தெரிந்தபின் எனக்கு எந்தத் தெருவும் கடக்க முடியாததாகத் தோன்றியதில்லை.