அத்தை கேட்ட கங்கோங் கீரை

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து என் மகன் போன் செய்தான். அவனோடு வேலை செய்யும் கணவன் மனைவி இருவர் மலாக்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறார்களாம். புக்கிட் ரம்பாயில் நம் வீட்டில்தான் இரண்டு நாள் தங்குவார்களாம். வரட்டுமே என்றேன். அவன் கொஞ்சம் இழுத்தான்.

“மா, அவங்க வீகன்மா.”

“அது என்னடா நோய்?”

“நோய் இல்லலா. கறி, மீன் மட்டுமில்ல, பால், தயிர், நெய், தேன்கூட தொடமாட்டாங்க. உங்களுக்குக் கஷ்டம்னா வெளிய சாப்பிட்டுக்கச் சொல்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் பாட்டிக்கு இருபத்திரண்டு வருஷம் அதைத்தானடா சமைத்துப் போட்டேன் என்றேன். “ஆமாலா!” என்று அவனும் சிரித்தான்.

அவர்கள் வந்த அன்று மத்தியானம் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். கடையில் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள், தெரியும். அதில் முதல் பாலின் வாசனை கிடையாது. அதற்காகவே எண்பதைத் தாண்டியும் துருவலோடு மல்லுக்கு நிற்கிறேன். வெளியே நல்ல மழை. பின்பக்கத் தகரத்தில் விழுந்த சத்தமும், கையிலிருந்து எழுந்த அந்த வாசனையும் சேர்ந்து அடுப்படியை மெல்ல மெல்ல மங்கச் செய்தன. சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டின் லயத்து வரிசை வீட்டில், எங்கள் பழைய அடுப்புக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அது வெள்ளைக்காரன் காலத்து அவசரகாலம். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், வெளியே நாங்கள், நடுவில் முள்கம்பி வேலி. ஒரு பிடி சோறுகூடக் காட்டுக்குள் போய்விடக் கூடாதென்று, ரப்பர் மரம் சீவப் போகிறவர்களை கேட்டில் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அரிசி தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள். பொழுது சாயும்போது கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பு. விருந்தாளி தங்கினால் பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனாலும் சில காலைகளில் பனி இறங்கி அந்த வேலியே தெரியாமல் போய்விடும். ரப்பர் மரங்களுக்கு நடுவே பள்ளிக்கூடம் நோக்கி நடந்தால், சண்டை என்று ஒன்று நடப்பதே மறந்துபோகும். பாதை எங்கே முடிகிறது என்றும் தெரியாது.

எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் நான் டீச்சர். வயது இருபது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எனக்குச் சமையல் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. அம்மா முன்பே தவறிவிட்டார். அப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. நான் வைக்கும் ரசத்தைக் குடித்துவிட்டு, “மருந்துன்னு நெனச்சா எறங்குது” என்பார்.

சனிக்கிழமைகளில் மலாக்கா டவுனில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடக்கும். அங்கேதான் இவரைப் பார்த்தேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர், அப்போது யாரோ. தங்கா பத்துவிலிருந்து சைக்கிளில் வருவார். நாங்கள் பேசியதெல்லாம் “சாக்பீஸ் இருக்கா?” என்ற அளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், விடுங்கள்.

ஒருநாள் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. இவருடைய தாய்மாமா எழுதியிருந்தார். தம் அக்காவும், அதாவது இவருடைய அம்மாவும், தாமும் பெண் பார்க்க வருவதாகவும், கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஒரு ராத்திரி தங்கிப் போவதாகவும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கடைசிப் பத்தியை இரண்டாம் தரம் நிறுத்தி வாசித்தார். மூத்த பையன் தொழிற்சங்கத்தில் இருந்தவன், தடுப்புக் காவலில் இருக்கிறான். அவன் வீடு திரும்பும்வரை அக்கா கவுச்சி தொடமாட்டார். பால், மோர், நெய்கூடக் கிடையாது. முருகனுக்கு நேர்ந்துகொண்ட விரதம். மூன்று வருஷமாக ஒருநாள் தவறியதில்லை.

பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“நெய்யுமில்லாம மோருமில்லாம சம்பந்தி எலையில என்னத்தடி வப்ப? ஊரு சிரிக்காது?”

“அவங்க விரதம்க்கா.”

“விரதம் அவங்களுக்கு. மானம் நமக்குல்ல!”

ஒரு வாரம் அப்பாவும் நானும் ராத்திரிக்கு மரவள்ளிக் கிழங்கைத் தின்று அரிசி மிச்சம் பிடித்தோம். வருகிற அன்று விடிந்ததிலிருந்து சட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தேன். எங்கள் அம்மியில் நெத்திலி அரைபடாத நாள் கிடையாது. சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தேன், முகர்ந்து பார்த்தேன், நாலாம் தரமும் தேய்த்தேன். அப்போதும் மனசு ஒப்பவில்லை. பலாப்பிஞ்சு நறுக்கியதில் கையெல்லாம் வேறு பிசின். “அக்கா, கங்கோங்குக்குக் கொஞ்சம் மிளகா அரைச்சுத் தாங்க! அம்மிய நல்லா கழுவிட்டு அரைங்க!” என்று பக்கத்து வீட்டோடு சேர்ந்த அரைச்சுவருக்கு மேலே குரல் கொடுத்தேன். அதிலெல்லாம் நான் மகா கெட்டிக்காரி.

“மூணு வாட்டி கழுவிட்டேன்டி” என்று சொல்லித்தான் அக்கா கிண்ணத்தைக் கொடுத்தார்.

மழையில் நனைந்துகொண்டே வந்தார்கள். அத்தை ஒல்லியாக இருந்தார். தும்மல் மேல் தும்மல், மூக்கடைப்பு. ஈரக் கையால் என் கையைப் பிடித்து, “டீச்சரம்மா கையி எப்படி சுடுது பாரு” என்றார். அடுப்பிலிருந்து எழுந்து வந்தவள் கை சுடாமல் என்ன செய்யும்? ஆனால் அந்தத் தொடுதலுக்கு நான் அங்கேயே கரைந்துபோனேன். தாய் இல்லாதவளுக்கு அது போதும்.

வெளிச்சம் இருக்கும்போதே இலை போட்டோம். முருங்கைக்கீரைப் பருப்பு, பலாப்பிஞ்சுப் பிரட்டல், தேங்காய்ப் பால் சொதி, கங்கோங் வதக்கல், ஜவ்வரிசியும் குலா மலாக்கா வெல்லமும் போட்டுப் பாயசம். விரதக்காரருக்குச் சமைப்பதை முன்னதாக ருசி பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நானும் வாயில் வைக்கவில்லை, உப்பெல்லாம் கண்திட்டம்தான். மாமா பேசாமல் சாப்பிட்டார். புகையிலை போட்டுப் போட்டு நாக்கு செத்த மனுசர் அவர். அத்தைதான் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்.

“மூணு வருசத்துல இன்னைக்குத்தாம்மா வாய்க்கு ருசியா சாப்புடறேன். அந்தக் கங்கோங் இன்னும் கொஞ்சம் வை.”

அடுப்படிக்கு ஓடினேன். எனக்கென்னவோ கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் போட்டேன். பிளாச்சான்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூனி இறாலைக் காயவைத்து இடித்துக் கட்டிபிடித்த சரக்கு. எங்கள் லயத்தில் அதை யாரும் மீன் கணக்கில் சேர்த்ததே கிடையாது. வெள்ளிக்கிழமை சைவம் என்று சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைக்கும் சம்பலில் அதைப் போட்டு அரைப்போம். பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே வளர்ந்த மூக்கு என்னுடையது. வதக்கும்போது அதற்கு ஒன்றுமே தோன்றவில்லை.

“அக்கா, மிளகாயில பிளாச்சான் போட்டீங்களா?” என்று சுவரோரம் போய்க் கிசுகிசுத்தேன்.

“சுண்டுவெரல் நுனிதான்டி போட்டேன். அது இல்லாம கங்கோங்க வாயில வைக்க முடியுமா?” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “அடி ஆத்தி! அது கவுச்சியில்லடி… மசாலாதானே?”

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பிறகு, “வாயத் தொறந்துடாத. ஒன் வாழ்க்கை” என்றார்.

உள்ளே அத்தை இலைக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் இலையை விட்டு எழுந்திருப்பார். எழுந்தால் எல்லாம் போச்சு. சனிக்கிழமை போச்சு, சைக்கிள் போச்சு. “தீந்துபோச்சு அத்தை” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் அரைச் சட்டிக் கங்கோங்கை மறைத்தேன்.

“பரவால்லம்மா, வயிறு நெறஞ்சிருச்சு” என்றார் அத்தை.

மறுநாள் காலை கேட் வரைக்கும் வழியனுப்பப் போனேன். பனி அப்போதும் விலகவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன் கையால சாப்பிட்டதுலருந்து மனசு குளுந்து கெடக்கு. எம் மூத்தவன் வந்துருவான்னு தோணுதும்மா” என்றார். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையை என்ன சொல்வது!

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்திரையில் சேதி வந்தது. அத்தையின் மூத்த மகனை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றி நாடு கடத்திவிட்டார்கள். தங்கா பத்துவில் பிறந்தவர். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. சில வருஷம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

அத்தை விரதத்தை விடவில்லை. நான் சமைத்தேன். நெய்க்குப் பதில் எது, மோருக்குப் பதில் எது என்று எல்லாம் அத்தைக்காகவே கற்றுக்கொண்டேன். கைப்பக்குவம் வந்துவிட்டது, மனசுதான் ஆறவில்லை. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர் சட்டென்று நிறுத்தி, “எங்கயோ நான் தப்பு பண்ணிட்டேம்மா” என்பார். தேநீர்க் கடையில் பால் பட்ட டம்ளரில் கொடுத்திருப்பானோ? கோயில் பிரசாதத்தில் நெய் இருந்திருக்குமோ? தேடித் தேடிப் பார்ப்பார். பிறகு அதற்குத் தண்டனையாக ஒன்றை விடுவார். முதலில் தேநீர். அப்புறம் வெங்காயம். அப்புறம் ராத்திரிச் சோறு. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வரும். மாமியார், வீட்டுக்காரர், பிள்ளைகள் என்று இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று விழுங்கிவிடுவேன். இவரிடமும் கடைசிவரை சொன்னதில்லை.

அத்தை படுக்கையில் விழுந்த கடைசி மாதம், ஒரு பிற்பகல், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். பிளாச்சான், அக்கா, அரைச் சட்டி, எல்லாவற்றையும். திட்டுவார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“அப்ப… நான் எங்கயும் தவறலையா?”

“இல்லத்தை. நாந்தான்.”

“நான் தவறல” என்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அப்படியே தூங்கிப்போனார். நான் பின்பக்கம் போய், சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதேன்.

விருந்தாளிகள் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். எஸ்டேட் இருந்த இடத்தில் இப்போது செம்பனைத் தோட்டம். லயமில்லை, கேட் இல்லை, முள்கம்பியில்லை. ராசம்மா அக்கா, அப்பா, மாமா, இவர் என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அதையெல்லாம் காலம் கொண்டுபோனது. செய்யாத தப்புக்கு அத்தை தேநீரை விட்டு, வெங்காயத்தை விட்டு, ராத்திரிச் சோற்றை விட்டு மெலிந்தாரே, அந்த இருபத்திரண்டு வருஷத்தைக் கொண்டுபோனது நான்.