புளியமரத்தடியில் விட்ட குழந்தை

செங்கம் சாலையில் ஒரு விடுதி. அறை கூட்டித் துடைத்துப் படுக்கை விரிப்பது தனத்தின் வேலை. அந்த விடுதியின் மாடியை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்தது. முன்னோர்களின் நினைவுகள் ரத்தத்தில் இறங்கி வருகின்றன, கருவி வைத்து அவற்றைப் பார்க்கலாம் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கமே இருக்கிற ஆட்கள் வேண்டும் என்றார்கள். தனம் பக்கத்திலிருக்கும் கீழ்பென்னாத்தூர்க்காரி; அவளையும் கூப்பிட்டார்கள்.

"எங்கம்மா கண்டது ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டாள். நினைவு தெரிவதற்குள் தாயை இழந்தவள் அவள்.

"தெரியலாங்க்கா" என்றாள் அங்கே வேலை பார்த்த சந்திரகலா.

தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டினார்கள். தெரிந்தது அம்மா காலம் இல்லை, ஏதோ பஞ்சகாலம். வெடித்த நிலம். மூட்டையோடு நடக்கும் ஜனம். தன்னுடையவை போலவே இருந்த இரண்டு கைகள் ஒரு பெண் குழந்தையைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தன. "தண்ணி கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாய் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். காட்சி அதோடு நின்றுவிட்டது.

தனம் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். "திரும்பிப் போனாளா? புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

"ஆழமாப் பதிஞ்சது மட்டுந்தான் எறங்கி வருங்க்கா."

"திரும்பிப் போய்த் தூக்கியிருந்தா, அதுவும் பதிஞ்சிருக்கும் இல்ல?"

சந்திரகலா குனிந்து கீழே கிடந்த தொப்பியை எடுத்தாள்.

அதற்குப் பிறகு தனத்துக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இன்னொரு தடவை பார்க்க விடுங்கள் என்று தினமும் மாடியேறினாள். ஒருநாள் கருவிகளை அட்டைப்பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம்.

"அப்ப எனக்குள்ள இருக்கறத எடுத்துட்டுப் போங்க."

"நாங்க வெச்சது இல்லீங்க்கா, எடுக்கறதுக்கு" என்ற சந்திரகலாவின் கண்ணும் கலங்கியிருந்தது.

வேன் ஓட்டும் கணவன் அப்பாதுரை தேற்றிப் பார்த்தான். "எந்தக் காலத்துப் புள்ளையோ அது. நீ இன்னா பண்ண முடியும்?"

"உக்கார வெச்சது இந்தக் கைதான்யா."

ஞாயிற்றுக்கிழமை அவளை வேனில் ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் சாலையில் மெதுவாகப் போனான். எந்த இடம் என்று சொன்னால் நிறுத்துகிறேன் என்றான். அகலப்படுத்திய சாலை. ஓரத்தில் மரங்கள் இல்லை. தனம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கே நிறுத்தச் சொல்வதென்று தெரியவில்லை. வண்டி ஊருக்குள் நுழைந்துவிட்டது.