ஹெலன் மாட்டின பின்டயர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில, கால் அச்சு மேல தோலை இழுத்துப் பிடிச்சு ஒட்டுற லாஸ்டிங் வேலையில பதினோரு வருசமா கைதேர்ந்தவ ஹெலன். புருசன் செத்து ரெண்டு வருசமாச்சு. அவன் பைக்லதான் வேலைக்குப் போறா. அது கொழுந்தன் இருதயராஜ் கண்ணை உறுத்திச்சு. "நீங்க பஸ்ல போங்க அண்ணி. வண்டி என் பையன் காலேஜுக்கு ஆவும்"னு வாராவாரம் வந்து நச்சரிப்பான்.

பின்டயர் தேஞ்சு வழுக்கையானதும் அவனுக்குக் கொண்டாட்டம். தெருமுனை மெக்கானிக் அவன் தோஸ்த். "நாளைக்கு வாம்மா"ன்னே பத்து நாள் ஓட்டினான். ஹெலனுக்கு சூது புரிஞ்சுபோச்சு. புது டயரை வாங்கிட்டு வந்து, "நானே மாத்திக்கறேன்"னா.

"மாத்திட்டீங்கன்னா வண்டிப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலன்னா சாவி எனக்கு" என்றான் இருதயராஜ். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட, அவ வாசல்ல தன் வண்டியை நிறுத்திட்டு, சேர் போட்டு உட்கார்ந்துட்டான். எவ்ளோ நெஞ்சழுத்தம் பாருங்க!

சக்கரத்தைக் கழட்டி, பழைய டயர் ரிம்மை விட்டு விலக, அதோட ஓரத்துல ஏறி நின்னு மிதிச்சா. நெம்ப ரெண்டு லீவர், சோப்புத் தண்ணி, ரிம்முல கீறல் விழாம வைக்கத் தோல் துண்டு. அவ்ளோதான், பழசு வந்துடுச்சு. புதுசு மாட்டும்போதுதான் வம்பு. கம்பெனிப் பழக்கம் விடுமா? தோலை இழுக்கற மாதிரியே எதிர்ப்பக்கத்தை விறைப்பா நிறுத்தி, இந்தப் பக்கம் பலங்கொண்ட மட்டும் நெம்பினா. லீவர் டியூபைக் கடிச்சிடுச்சு. காத்தடிச்சா புஸ்ஸுன்னு போச்சு.

இருதயராஜ் சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டுது. ஹெலனுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதா வண்டி போச்சு. காத்து பம்போட நின்ன பக்கத்து வீட்டு வஜீதா, "வுடாதக்கா, இன்னா ஆயிடப் போவுது!"ன்னா.

டியூபைக் கழட்டி பஞ்சர் ஒட்டிக்கிட்டே யோசிச்சா. தோலு இழுத்தா நீளும். டயர் ஓரத்துக்குள்ள கம்பி ஓடுதே, அது எங்க நீளும்? இதை இழுக்கக் கூடாது, இடம் விடணும். எதிர்ப்பக்கத்து ஓரத்தை ரிம் நடுப்பள்ளத்துல முட்டி போட்டு அழுத்தினா. இந்தப் பக்கம் லேசா நெம்பினதும் டயர் தானா இறங்கி உட்கார்ந்துச்சு. அடப்பாவி, இவ்ளோதானா!

வஜீதா காத்தடிச்சா. இந்தத் தடவை காத்து நின்னுச்சு. சக்கரத்தை வண்டியில பூட்டி நட்டை முறுக்கினா ஹெலன்.

இருதயராஜ் எழுந்து கையை நீட்டினான். "சாவியக் குடுங்க, ஓட்டிப் பாக்கறேன். பொம்பள மாட்டின டயரு, வழியில கழண்டுக்கப் போவுது."

"ஓட்டிப் பாக்க நான் இருக்கேன் கொழுந்தனாரே" என்று வண்டியில ஏறினா ஹெலன். "உங்க வண்டி டயரும் தேஞ்சு நூலு தெரியுது. வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."