வாசலில் நிற்க வேண்டிய பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். வெப்சைட் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கித் தொண்டை வற்றியிருந்த காலம். சோமனூரில் இருந்த என் அக்கா மட்டும் விளக்கம் கேட்கவில்லை. "அதுல என்ற துணியப் போட முடியுமா கண்ணு?" என்றாள். அவ்வளவுதான்.

காரணம் இருந்தது. அக்கா வீட்டில் கூலிக்குத் தறி ஓட்டினார்கள். நூல் வியாபாரியுடையது, நெய்த துணியும் அவருக்கே போய்விடும். ஆனால் மயில்துத்த நீலத்தில் மஞ்சள் கோடு ஓடும் ஒரு கட்டம் மட்டும் அக்காவே யோசித்து உண்டாக்கியது. ஒருநாள் என்னைப் பார்க்க வந்தவள், கடைவீதியில் ஒரு கண்ணாடிக்குப் பின்னால் அதே துணி மேசை விரிப்பாகக் கிடப்பதைப் பார்த்தாள். யாரோ ஒருவரின் பெயர் அதில் தைத்திருந்தது. சிங்காநல்லூரில் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "அது என்ற கட்டம் கண்ணு. ஒருக்காவாவது என்ற பேர்ல விக்கோணும்," என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

ஒரு தறியை இனி சொந்த நூலில் ஓட்டுவது என்று மாமாவைச் சம்மதிக்க வைத்தாள். நான் வெள்ளைத் தாள்களோடு சோமனூர் போனேன். வெப்சைட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு தாள் என்று தரையில் பரப்பி, எதிலிருந்து எதற்குப் போவது என்று பார்த்த பிறகுதான் நான் கம்ப்யூட்டரைத் தொடுவேன். ஒட்டியிருந்த கொட்டகையில் தறிகள் ஓடின. அந்த அதிர்வில் சிமெண்டுத் தரையில் தாள்கள் தாமாகவே மெல்ல நகர்ந்தன. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவற்றின் மேல் போட்டிருந்தது. நாங்கள் பார்த்தேயிராத யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, இந்தத் தாள்களுக்கு நடுவே நடந்து வரப்போகிறார் என்று நினைத்தபோது எனக்கே லேசாகக் கிறக்கமாக இருந்தது.

அக்காவைப் பொறுத்தவரை அவர் ஏற்கெனவே வந்துவிட்டார். முதல் தாளில் 'வாங்க' என்று மட்டும் இருக்கட்டும் என்றாள். அடுத்தது குலதெய்வம். அப்புறம் மாமனார், அப்புறம் மாமா, பிறகு பிள்ளைகள். துணி எங்கே என்று தேடினால், மாதிரிக்கு வெட்டிய துண்டு கடைசித் தாளின் மேல் இருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு படம் வர்றதுக்கே அத்தன நேரமாகுமுங்க்கா. துணியப் பாக்கறதுக்குள்ள அந்தாளு எந்திரிச்சுப் போயிருவான்."

"அதுக்காவ? ஊட்டுக்கு வந்தவங்கள வாசல்லயே நிக்க வெச்சு யாவாரம் பேசுவாங்களா? வந்து உக்காரட்டும். ஒரு வாய் காப்பி குடிக்கட்டும்."

அவளோடு வாதாடுவதற்கு ஓடுகிற தறியோடு வாதாடலாம். பேனாவை மூடிவிட்டு, அந்த முகம் தெரியாத மனிதராக நானே நடந்து பார்த்தேன். வாசலில் நின்றேன். சாமி கும்பிட்டேன். மாமனாருக்கு ஒரு வணக்கம், மாமாவுக்கு ஒன்று, பிள்ளைகளின் கன்னத்தில் ஒரு தட்டு. துணிக்கு வந்து சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன்.

"எல்லாரும் இருக்காங்க. நீங்க எங்க இருக்கறீங்க்கா?"

"நாந்தான் உள்ள காப்பி போட்டுட்டு இருக்கறனே," என்றாள், சட்டென்று.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. சோமனூரில் பகலில் அப்படியொரு அமைதி எப்போதாவதுதான் வாய்க்கும். தன் வாயிலிருந்து வந்த சொல்லை அக்கா அந்த அமைதியில் தானே கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.  எனக்கு அவள்மேல் கோபமா பாசமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்து பேனாவைக் கேட்டாள். 'வாங்க' என்பதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். முன்னும் பின்னும் யார் பெயரும் இல்லாமல், வெறும் பெயர். கடைசித் தாளிலிருந்த துணித் துண்டை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பக் காப்பி?" என்றேன்.

"உங்க மாமா போடுவாரு."

கரண்ட் வந்தது. தறிகள் எழுந்தன. குலதெய்வமும் மாமனாரும் மாமாவும் பிள்ளைகளும் பழையபடி நகர ஆரம்பித்தார்கள். முதல் தாள் மட்டும் அசையவில்லை. அக்கா அதன் ஓரத்தைக் கால் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள்.